செவியே கண்ணாக

கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர் வட்டத்தில், புளியஞ்சோலை என்னும் சிற்றூர் உள்ளது. மலைமேல் ஆகாய கங்கை என்னும் பேரருவியாய் வீழும் ஐயாறு, பாறைகளினிடையே தவழ்ந்து இவ்வூரை வந்தடைகின்றது. நண்பகல் வெயிலிலே ஓடைநீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். அந்நீர் திடீரெனக் கலங்கிச் சருகுகளைச் சுமந்து வருமாயின், மலைநீரின் இயல்பறிந்த முதியோர், "மேலே மழை பெய்கின்றது; கரையேறுங்கள்" என்று கூவுவர். அடிவாரத்தில் ஒரு துளியும் வீழ்ந்திராது. அவர் சொல்லை மதித்துக் கரையேறியவன் பிழைப்பான். வானத்தை அண்ணாந்து நோக்கி நகைத்து நிற்பவன் வெள்ளத்தின் வாய்ப்படுவான்.

தான் காணாத ஒன்றைக் கண்டறிந்தார் வாயிலாகக் கேட்டுப் பயன் கொள்ளுதலையே சான்றோர் கேள்வி என்றனர். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வைத்தார். ஏட்டிற் கற்க இயலாதனவும் உலகில் உள. அவை பட்டறிந்த முதியோரின் நெஞ்சிலேயே எழுதப்பட்டுள்ளன. அவர் மறைந்தால் அந்த ஏடும் அவரோடு மறையும். இவ்வுண்மைக்கு நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றிய போர்வீரரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று காண்டல் அரிது.

மலையடிவாரத்தில் வாழ்வோர்க்குக் கடல் தொலைவிலுள்ளது. கடற்கரையில் வாழ்வோர்க்கும் கடலின் அடி தொலைவிலுள்ளதே. அங்கே வாழ்ந்து, காவல் புரிந்து, போரும் கண்டு மீண்டோர் ஒரு சிலரே. அவர் கூறினாலன்றி அவ்வாழ்க்கையைப் பிறர் அறிய வேறு வழியில்லை.

நீர்மூழ்கிக் கப்பலின் இயல்பு

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலின் பெயர் கல்வரி. அது 1967-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், அந்நாளைய சோவியத் நாட்டின் ரிகா துறைமுகத்தில், கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன் தலைமையில் இந்தியக் கடற்படையிற் சேர்ந்தது. அந்நாளே இந்திய நீர்மூழ்கியோர் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகின்றது. கல்வரியைத் தொடர்ந்து கந்தேரி, கரஞ்ச், குர்சுரா என்னும் மூன்று கப்பல்கள் வந்தன.

இவற்றுள் குர்சுரா 1969-ஆம் ஆண்டு டிசம்பரிற் பணி தொடங்கி 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. முப்பத்தோராண்டுகளில் அது கடந்த தொலைவு ஏறத்தாழ 73,500 கடல் மைல். உலகை மும்முறை சுற்றி வருவதினும் இது மிகுதியாம். ஓய்வு பெற்ற அக்கப்பலை உடைத்துவிடாமல், விசாகப்பட்டினத்து இராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றிக் காட்சிச்சாலை ஆக்கினர். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மக்கள் அதனுட் சென்று காண்கின்றனர். கடற்படையிற் பணி புரிந்து ஓய்வு பெற்றோரே அங்கு வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமுடையது. இரும்புச் சுவரும் குழாய்களும் தாமே பேசா; அவற்றினிடையே வாழ்ந்தவர் பேசும்போதே அவை உயிர் பெறுகின்றன.

அக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். அஃதாவது 300 அடி. ஆகாய கங்கை அருவி வீழும் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. அருவியின் உச்சியிலிருந்து அடிவரை ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, அதனைக் கிடையாகச் சாய்த்ததாக எண்ணினால் கப்பலின் நீளம் மனக்கண்ணிற் புலனாகும். அக்குழாயினுள் வெடிகணைகள், டீசல் எந்திரங்கள், மின்கல அடுக்குகள், சமையலறை, படுக்கைகள் ஆகிய அனைத்தையும் அடைத்து, எஞ்சிய இடத்தில் எழுபத்தைந்து பேர் அளவிலானோர் வாழ்ந்தனர்.

கப்பலின் பக்கங்களில் பெரிய தொட்டிகள் உள்ளன. அவற்றுட் கடல்நீரைப் புகவிட்டால் கப்பல் கனத்து மூழ்கும். அழுத்தி அடைத்து வைத்த காற்றைச் செலுத்தி அந்நீரை வெளியேற்றினால் இலேசாகி மேலெழும். பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை, கடற்பரப்பில் நாம் தாங்கும் காற்றின் அழுத்தத்தைப் போன்ற ஓர் அழுத்தம் கூடுகின்றது. 250 மீட்டர் ஆழத்தில், கப்பலின் மேனியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடை அழுந்தும். சுண்டு விரல் நகத்தளவு இடத்தில் ஒரு நெல் மூட்டையின் பெரும்பகுதியை ஏற்றி வைத்தாற் போல்வது அது. உள்ளிருப்போர்க்கும் கடலுக்கும் இடையே நின்றது அவ்விரும்புச் சுவர் ஒன்றே.

கடலடி வாழ்க்கை

மேலே மிதக்கும்போது டீசல் எந்திரங்கள் கப்பலைச் செலுத்தும். அவை இயங்கக் காற்று வேண்டும். ஆதலால் ஆழத்தில் அவற்றைப் பயன்படுத்த இயலாது. மூழ்கிய பின்னர் மின்கலங்களின் விசையாலேயே கப்பல் செல்லும். மின்கலங்கள் தளர்ந்தபோது, இருளிலே மேற்பரப்பிற்கு அண்மையில் வந்து, மூச்சுக் குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக் காற்றை உறிஞ்சி, எந்திரத்தை ஓட்டி, மின்கலங்களுக்கு மீண்டும் விசையேற்ற வேண்டும். அந்த நேரமே இடர் மிகுந்த நேரம். எந்திரத்தின் ஓசையும் நீட்டிய குழாயும் பகைவர்க்குக் காட்டிக் கொடுக்கும். அன்றியும், விசையேறும் மின்கலங்களிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனை அவ்வப்போது அகற்றாவிடின் ஒரு பொறியே கப்பலை வெடிக்கச் செய்யப் போதுமானது.

அக்காலக் கப்பல்களில் பணி புரிந்த முதியோர் தம் வாழ்க்கையைக் கூறத் தொடங்கினால் வீரச் செயல்களை முதலிற் கூறுவதில்லை. தண்ணீரைப் பற்றியே கூறுவர். சுற்றிலும் நீர், ஆயின் குடிநீர் அளந்து தரப்படுவது. குளித்தல் அரிது, மழித்தல் இல்லை. கடலுக்குச் சென்றபோது இளமை முகத்தோடு சென்றவர், கரையேறும்போது தாடியோடு வருவர். உடையிலும் உணவிலும் டீசல் மணம் கலந்திருக்கும். ஒருவர் காவற்பணிக்கு எழுந்து சென்றதும், அவர் உடலின் வெப்பம் ஆறுமுன் மற்றொருவர் அப்படுக்கையில் வந்து படுப்பார். கதிரவன் எழுவதும் மறைவதும் அங்கில்லை. கடிகாரம் ஆறு மணி காட்டினால் அது காலையா மாலையா என்று கேட்டறிய வேண்டும்.

இத்தகைய இடத்தில் பதவியும் பிறப்பும் மொழியும் மனிதரைப் பிரித்து வைக்க இயலா. தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் ஒரே காற்றை மூச்சாகப் பகிர்ந்தனர். ஒருவர் ஒரு திருகை மூட மறந்தால் இறப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர், அனைவருமே. ஆகையால் கப்பலின் எப்பகுதியில் எத்திருகு உள்ளது என்பதனை இருட்டிலே கைதொட்டு அறியும் வரை ஒருவரையும் முழுமையான நீர்மூழ்கி வீரராக ஏற்பதில்லை.

இவ்வாழ்க்கையின் மற்றொரு தன்மை குறிப்பிடத்தக்கது. நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சாளரம் இல்லை. மேற்பரப்பிற்கு அண்மையில் வரும்போது பெரிஸ்கோப்பு என்னும் நெடுங்குழாய்க் கண்ணாடியால் சிறிது காணலாம். ஆழத்தில் இருக்கும்போது கண்ணுக்கு வேலையில்லை. செவியே கண்ணாக வேண்டும். சோனார் என்னும் ஒலிக்கருவியின் முன் அமர்ந்தவர், இறால் கூட்டத்தின் சலசலப்பையும் திமிங்கிலத்தின் குரலையும் வணிகக் கப்பலின் சுழல்விசிறி ஓசையையும் போர்க்கப்பலின் ஓசையையும் வேறு வேறாகப் பிரித்துணர்வார். பகைவர் மேலே தேடும்போது மின்விசிறிகள் நிறுத்தப்படும், பேச்சு அடங்கும், கரண்டி ஒன்று கீழே விழுவதும் குற்றமாகும்.

கரையோடு பேசுவதும் அத்தகையதே. பொதுவான வானொலி அலைகள் உப்புநீருட் புகா. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுடைய அலைகளே சில மீட்டர் ஆழம்வரை செல்லும். அத்தகைய அலைகளை அனுப்பும் கடற்படை நிலையம் ஒன்று 1990-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்து விசயநாராயணத்தில் நிறுவப்பட்டது. வீரபாண்டிய கட்டபொம்மனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கரை பேசும், கப்பல் கேட்கும், மறுமொழி கூறாது. மறுமொழி கூறின் தான் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். ஆதலின் நீர்மூழ்கி வீரர் என்பார் கேட்டலையே தொழிலாகக் கொண்டவர். அவர் சொல்லைக் கேட்போரும் அவ்வளவு கூர்மையோடு கேட்டல் வேண்டும்.

காண்டல், கருதல், உரை

அறிவு பெறும் வழிகளை அளவைகள் என நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் தலையாயவை மூன்று. நேரே காணுதல் காண்டல். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டல் உரை. புகையைக் காணுதல் காண்டல். ஆங்குத் தீ உண்டு எனத் துணிதல் கருதல். தீயைக் கண்டு வந்தவர் கூறக் கேட்டல் உரை. இம்மூன்றையும் பிரித்தறியாதவன் முதியோர் சொல்லைப் பழித்துத் தள்ளுவான். அன்றேல் அனைத்தையும் அப்படியே விழுங்குவான். இரண்டும் பிழையே. 1971-ஆம் ஆண்டில் நடந்த காஸி என்னும் கப்பலின் முடிவு இதனை நன்கு விளக்கும்.

காஸி, பாகிஸ்தான் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல். அமெரிக்காவிற் கட்டப்பெற்றது, 1964-ஆம் ஆண்டில் பாகிஸ்தானுக்கு வந்தது. 1971-ஆம் ஆண்டு நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுட் புகுந்தது. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தைத் தேடி அழிப்பதே அதன் நோக்கம். கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக அப்போது விளங்கியவர், நாகர்கோவிலிற் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் தீவுகளின் பக்கம் மறைத்து வைத்தார். ராஜ்புத் என்னும் பழைய கப்பலைக் கொண்டு, விக்ராந்த் விசாகப்பட்டினத்தின் அருகில் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார். இதனை அவரே பின்னாளில் எழுதி வைத்தார்.

டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளிப்பட்டது. கடலில் ஓரிடத்தில் நீர் வழக்கத்திற்கு மாறாகக் கலங்கியதைக் காவலர் கண்டனர். நீர்மூழ்கி ஒன்று மூழ்குவதாகக் கருதி, கப்பல் தலைவர் இரண்டு ஆழ்குண்டுகளை வீசச் செய்தார். சிறிது பொழுதிற்குப் பின் பேரொலி எழுந்தது. கரையிலும் அது கேட்டது. விடிந்த பின்னர் மீனவர் கடலில் மிதந்த சிதைவுப் பொருள்களைக் கண்டனர். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது, முன்பகுதி வெடித்துச் சிதைந்த நிலையில் காஸி கடலடியிற் கிடந்தது. அதிலிருந்த 93 பேருள் ஒருவரும் பிழைத்திலர்.

காஸியை மூழ்கடித்தது ராஜ்புத் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. துறைமுக வாயிலில் தான் இட்ட கண்ணிவெடியிலேயே அது சிக்கியிருக்கலாம், அன்றி உள்ளே நிகழ்ந்த வெடிப்பால் அழிந்திருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. மின்கலங்களின் ஹைட்ரஜன் வாயுவே காரணம் என்று கருதுவோரும் உளர்.

இங்கே அளவைகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ராஜ்புத்தில் இருந்தோர் ஆழ்குண்டுகள் வீசப்பட்டதைக் கண்டனர், அது காண்டல். வெடியோசையைக் கேட்டனர், அதுவும் ஐயத்திற்கு இடமற்றது. மீனவர் சிதைவுகளைக் கண்டனர். முக்குளிப்போர் சிதைந்த கப்பலைத் தொட்டனர். ஆயின் அந்த ஆழ்குண்டுதான் அந்த வெடிப்பை உண்டாக்கியது என்பது காண்டல் அன்று, கருதல். காஸியினுள் இறுதியாக நிகழ்ந்தது யாது எனக் கூறத்தக்கவர் அனைவரும் அக்கப்பலோடு அமிழ்ந்தனர். ஆகையால் ராஜ்புத்தில் பணி புரிந்த முதியவர் ஒருவர், "நாங்களே மூழ்கடித்தோம்" என்று கூறினால் அவர் பொய் கூறினார் என்பது அடாது. தாம் கண்டதையும் கருதியதையும் ஒன்றாகக் கூறினார் என்றே கொள்ள வேண்டும். மறுபக்கத்து முதியவர் வேறு கூறினாலும் அஃதே முறை.

கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஈண்டு நோக்குக. 2017-ஆம் ஆண்டில் காஸியைப் பற்றிய திரைப்படம் ஒன்று வெளிவந்தது. கடலடியில் இந்திய நீர்மூழ்கி ஒன்று காஸியோடு போரிட்டு வென்றதாக அதிற் காட்டப்பட்டது. படம் சுவையுடையதே, எனினும் இந்திய நீர்மூழ்கி எதுவும் காஸியோடு பொருததாக வரலாறு இல்லை. 1971-ஆம் ஆண்டுப் போரில் குர்சுராவும் கரஞ்சும் காவல் புரிந்தது அரபிக் கடலில். இலக்கின் அடையாளம் ஐயமறத் தெரிந்தாலன்றித் தாக்கலாகாது என்ற கட்டளை அவற்றுக்கு இருந்தது. ஒரு கணையும் விடாமல், நாட்கணக்கில் விழித்திருந்து, பொறுத்திருந்து மீளுதல் திரைக்கு ஏற்ற காட்சி அன்று. ஆயின் அப்பணி புரிந்த முதியவர் கூறக் கேட்போர்க்கு, பொறுத்திருத்தலும் வீரமே என்பது விளங்கும்.

குக்ரியின் மாலுமியர்

காஸியின் செய்தி, கூறுவார் இன்மையால் மறைந்தது. அதே போரில் குக்ரி என்னும் கப்பலின் செய்தி, கூறுவார் சிலர் பிழைத்தமையால் நிலைத்தது.

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டையூவின் அருகே அரபிக் கடலில், பாகிஸ்தானின் ஹாங்கோர் என்னும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி குக்ரி, கிர்பான் என்னும் இரண்டு இந்தியக் கப்பல்கள் சென்றன. கமாண்டர் அகமது தஸ்னீம் தலைமையிலிருந்த ஹாங்கோர் நீருக்கடியிலிருந்து ஏவிய டார்ப்பீடோ என்னும் கணை குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் குக்ரி அமிழ்ந்தது. அலுவலர் 18 பேரும் மாலுமியர் 176 பேரும் உயிர் துறந்தனர். அறுபதுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர்.

குக்ரியின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. கப்பல் சாயத் தொடங்கியதும் அவர் தம்முடன் இருந்தோரைக் கடலிற் குதித்துப் பிழைக்குமாறு பணித்தார். தமக்குரிய மிதவை அங்கியையும் ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். தாம் கப்பலை விட்டு அகலாமல் அதனோடு ஆழ்ந்தார். அவருக்கு மகாவீர் சக்கர விருது அவர் மறைவிற்குப் பின் வழங்கப்பட்டது.

இச்செய்தியை நாம் எவ்வாறு அறிந்தோம்? கப்பலின் நாட்குறிப்பு கப்பலோடு மூழ்கியது. படம் எடுத்தார் ஒருவரும் இல்லை. குளிர்ந்த கடலில் இரவெல்லாம் தத்தளித்துக் கரை சேர்ந்த மாலுமியர் தம் வாயால் உரைத்தமையால் அன்றோ அப்பெருமகனின் இறுதிப் பொழுது உலகிற்குத் தெரிந்தது? அவர் ஒருவரும் பிழைத்திராவிடின், முல்லாவின் பெயர் மறைந்தோர் பட்டியலில் ஒன்றாய் மட்டும் நின்றிருக்கும். சான்று கூறுவார் ஒருவர் எஞ்சுதல் எத்துணைப் பெரும்பேறு என்பதனை இதனால் உணரலாம்.

ஹாங்கோரின் தலைவராயிருந்த தஸ்னீமும் பின்னாளில் அவ்விரவின் நிகழ்ச்சியைத் தம் பக்கத்திலிருந்து எடுத்துரைத்தார். இருபக்கத்து உரைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். நீருக்கு மேல் இருந்தோர்க்கும் கீழ் இருந்தோர்க்கும் இருள் ஒன்றே, அச்சம் ஒன்றே, வீட்டில் காத்திருந்த தாயரின் கண்ணீரும் ஒன்றே. காஸியில் மாண்ட 93 பேரும் குக்ரியில் மாண்ட 194 பேரும் தத்தம் நாட்டின் கட்டளையை ஏற்றுச் சென்ற இளைஞரே. இதனை உணர்தல் நாட்டுப்பற்றுக்குக் குறைவாகாது. போரின் விலை இன்னது என அறிந்தவனே அமைதியின் அருமையை அறிவான்.

காலத்தின் ஓட்டம்

போர்ச் செய்திகளுட் சில நெடுங்காலம் மறைத்து வைக்கத்தக்கவை. 1971-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுகத்தில் நின்ற மாங்ரோ என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வங்காள மாலுமியர் சிலர் வெளியேறினர். அவருள் எண்மர் ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட் வழியாக இந்தியா வந்து சேர்ந்தனர். வங்க விடுதலைக்காகப் போராட முன்வந்த இளைஞர்க்கு நீந்திச் சென்று கப்பல்களைத் தாக்கும் பயிற்சி அளிப்பதில் அவர் துணை நின்றனர். அம்மறைமுகப் பணியை நடத்தியவர்களுள் ஒருவர், கரஞ்ச் கப்பலின் முதல் தலைவராயிருந்த எம். என். ஆர். சாமந்த். அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில் சிட்டகாங்கு முதலிய துறைமுகங்களில் ஒரே இரவிற் பல கப்பல்கள் தாக்கப்பட்டபோது உலகம் வியந்தது. பின்னணி யாது என்பது பலர்க்குத் தெரியாது.

சாமந்த் நெடுங்காலம் வாய் திறவாதிருந்தார். முதுமையில், இதழாளர் சந்தீப் உன்னித்தனுடன் சேர்ந்து அவ்வரலாற்றை நூலாக்கினார். அந்நூல் 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில், நூல் வெளிவருமுன்னரே அவர் மறைந்தார். கேட்பவர் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் அவ்வரலாற்றின் பெரும்பகுதி அவரோடு மறைந்திருக்கும்.

1971-ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞராய் இருந்த மாலுமி இன்று எழுபதைக் கடந்த முதியவர். அவருடைய தோழர் பலர் மறைந்தனர். அவர் வாழ்வது பெருநகரமாகவும் இருக்கலாம். மலையடிவாரச் சிற்றூராகவும் இருக்கலாம். நாள்தோறும் பால் வாங்கச் செல்பவராகவும், திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவராகவும் அவரை அண்டை வீட்டார் அறிவர்; அவர் நெஞ்சில் ஒரு கடல் இருப்பதை அறியார்.

கேட்கும் முறை

இத்தகைய முதியோரை அணுகிக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலாவது, ஆயத்தம். எக்கப்பல், எவ்வாண்டு, எப்பகுதி என்பவற்றை முன்னரே படித்தறிந்து செல்லுதல் வேண்டும். ஒன்றும் அறியாது சென்று, "ஏதேனும் கதை சொல்லுங்கள்" என்பவனுக்கு முதியவர் ஏதேனும் ஒரு கதையையே சொல்வார். "மூச்சுக் குழாயில் அலை புகுந்தால் உள்ளே எவ்வாறு இருக்கும்?" என்று கேட்பவனைக் கண்டால் அவர் கண் ஒளிரும், நாற்பதாண்டுகள் எவரிடமும் கூறாததைக் கூறத் தொடங்குவார்.

இரண்டாவது, பிரித்தறிதல். "இதனைத் தாங்களே கண்டீர்களா? பிறர் கூறக் கேட்டீர்களா? அவ்வாறு இருக்கும் எனக் கருதினீர்களா?" என்று பணிவோடு வினவுதல் வேண்டும். நேர்மையுள்ள முதியவர் இதற்குச் சினவார். சோனாரின் முன் அமர்ந்து, கேட்ட ஒலியையும் கருதிய பொருளையும் பிரித்துக் கூறுதலே அவர் பெற்ற பயிற்சி. ஆண்டு, நாள் முதலியவற்றில் அவர் தடுமாறின், நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். நாள் பிழைத்தமையால் நிகழ்ச்சி பொய்யாகாது. அவர் பெருமையாகக் கூறுவதைக் காட்டிலும், தயங்கித் தயங்கிக் கூறுவதிலேயே உண்மை மிகுந்திருக்கும்.

மூன்றாவது, பொறுமை. போர் கண்டோர் சிலவற்றைக் கூற விரும்பார். நண்பன் மாண்ட காட்சியை நினைந்தவுடன் பேச்சு நின்றுவிடும். அப்போது மேலும் மேலும் வினவுதல் அறமன்று. அமைதியாக அமர்ந்திருத்தலும் கேள்வியின் ஒரு பகுதியே. நாட்டின் காவலுக்காக இன்னும் மறைத்து வைக்கத்தக்கதை அவர் மறைப்பாராயின் அதனையும் மதித்தல் வேண்டும்.

நான்காவது, பதிவு. கேட்டதை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். அவர் இசைந்தால் குரலையும் ஒலிப்பதிவு செய்யலாம். அவர் சொல்லை அவர் சொல்லாகவே எழுதுக. நம் கற்பனையை அதன்மேல் ஏற்றி அழகு செய்தல், மண்கலத்திற்குப் பொன்முலாம் பூசுவதன்று. பொற்கலத்திற்கு மண் பூசுவதேயாம்.

பாணரும் புலவரும் நாடிவந்து பாடியமையால் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயர் இன்றும் வாழ்கின்றது. ஓரியின் வில்லும் தேரும் இன்றில்லை; கண்டோர் சொல்லிய சொல் நின்றது. கேட்போர் இருந்தமையால் சொல் நின்றது. இன்று வீரத்தை உரைப்போர் நம்மிடையே முதுமை எய்தி அமர்ந்துள்ளனர். கேட்போர் தாம் வேண்டும். கடலடியில் செவியே கண்ணாக விழித்திருந்து நாட்டைக் காத்தோர்க்கு, நம் செவியைச் சிறிது பொழுது தருதல் பெருங்கொடை அன்று, சிறு கடன். அக்கடனை அவர் வாழும் நாளிலேயே தீர்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. புளியஞ்சோலை ஓடையின் நீர் கலங்குதல் கேள்வியின் சிறப்பை எவ்வாறு உணர்த்துகின்றது?

2. நீர்மூழ்கிக் கப்பல் மூழ்குவதும் மேலெழுவதும் எவ்வாறு?

3. காஸியின் முடிவு பற்றிய செய்திகளைக் காண்டல், கருதல், உரை என மூவகையாகப் பிரித்து எழுதுக.

4. கேப்டன் முல்லாவின் இறுதிப் பொழுது உலகிற்கு எவ்வாறு தெரியவந்தது?

5. "பொறுத்திருத்தலும் வீரமே" என்பதனைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

6. உன் ஊரில் படையிலோ, தொழிற்சாலையிலோ, வயலிலோ நெடுங்காலம் உழைத்த முதியவர் ஒருவரை அணுகி, அவர் கூறுவதைக் கேட்டு, அவர் சொல்லிலேயே இரண்டு பக்க அளவில் எழுதுக.